சட்டையைப் பிடிக்கக் கொடுத்தாய், காரணம் கேட்டாயா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். வயது 25. விளையாட்டு அறிவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். விளையாட்டு வீரர்களின் உடல் அளவுகளையும் உடலமைப்பையும் ஆராய வடக்கே ஓர் இடம் கிடைத்திருக்கிறது. "ஊரான் தோலைக் கிள்ளி அளப்பதெல்லாம் ஒரு படிப்பா?" என்கிறார் என்னைப் பெற்ற அப்பச்சி. ஆத்தா தவறி இரண்டு வருடம் ஆகிறது. நான் ஒரே பெண். மூன்று மாதமாக என்னோடு பேச்சில்லை. அவருக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். சட்டைகள் தொளதொளத்தபோது தையற்காரரிடம் கொடுத்து இரண்டு தடவை பிடித்து வாங்கி வந்தேன். அதற்குக்கூட ஒரு நல்ல வார்த்தை இல்லை. சொல்லாமல் கிளம்பிவிடலாமா?

பதில்: வாரம் இரண்டு பேராவது இப்படி எழுதுகிறார்கள். ஊர் மாறும், படிப்பு மாறும். அப்பச்சி மட்டும் மாறுவதில்லை.

படிப்பைப் பற்றி உன் அப்பச்சிக்கு நான் சொல்வது இது. 1960 ரோம் ஒலிம்பிக்குக்கு வந்த தடகள வீரர்களை அளந்து, டேனர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1964இல் புத்தகமே போட்டார். 1967இல் ஹீத், கார்ட்டர் என்ற இருவர் ஒரு மனிதனின் கொழுப்பு, தசைக்கட்டு, ஒல்லித்தன்மை மூன்றையும் மூன்றே எண்களில் எழுதும் முறையைத் தந்தார்கள். அளவெடுப்போருக்கு 1986 முதல் சர்வதேசச் சங்கம் இருக்கிறது. வெறும் தோலில் கருவியை வைக்க வேண்டியிருப்பதால், வீராங்கனைகளைப் பெண்கள் அளப்பதே நல்லது. 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை அழகப்பச் செட்டியார் கொண்டுவந்த மண்ணில் இருந்துகொண்டு ஆராய்ச்சியை இளப்பமாகப் பேசுவது அவருக்கு அழகல்ல.

இனி உன்னிடம் வருகிறேன்.

சட்டையை இரண்டு தடவை பிடித்தாய் என்று எழுதியிருக்கிறாய். நீ செய்த உபகாரத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறாய். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சட்டை தானாகப் பெரிதாகாது, பெண்ணே! உள்ளே இருக்கிற மனிதர் சிறுத்துக்கொண்டிருக்கிறார்.

கிள்ளிப் பிடித்த தோல்மடிப்பை இரண்டு முறை அளக்க வேண்டும், இரண்டுக்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும் என்று உனக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஓர் உடம்பை அதே உடம்பின் பழைய அளவோடு ஒப்பிடுவதுதானே உன் வித்தை? முன்பின் அறியாத ஓட்டக்காரியின் கெண்டைக்காலில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் குறித்துக்கொள்வாய். பெற்றவர் இரண்டு சட்டை அளவு இளைத்திருக்கிறார், நீ தையல் கூலி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

கடிதத்தை மறுபடி படித்தேன். அவர் என்ன சாப்பிடுகிறார், இரவில் தூங்குகிறாரா, தாகம் அதிகமா, இருமலா, ஒரு வரி கிடையாது. அவர் பேசாததை மட்டும் மூன்று மாதமாக எண்ணியிருக்கிறாய். பேசத் தெம்பில்லாமல்கூட இருக்கலாம். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டாக, காசமாக, அதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். ஆத்தா போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இலை போட்டுச் சாப்பிட மனமில்லாததாகவும் இருக்கலாம். எது என்று எனக்கெப்படித் தெரியும்? கூட இருக்கிற உனக்கே தெரியவில்லையே.

போகாதே என்று நான் சொல்லவில்லை. வட்டிக்கடை நடத்த பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருடத் தவணையில் கப்பலேறியவர்களின் ஊர் இது. என் ஐயாவும் போனவர்தான். ஆனால் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அவர் கடிதங்களில் வட்டிக் கணக்குக்கு முன்னால் சுகம் விசாரிப்பு இருக்கும். சொல்லாமல் போவது ஓடிப்போவது. அதற்கு என்னிடம் அனுமதி கேட்காதே.

தையற்காரரிடம் அளவு நோட்டு இருக்கும். அப்பச்சியின் பழைய மார்பளவும் இடுப்பளவும் தேதியோடு அதில் இருந்தால் எழுதி வாங்கிக்கொள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, நாளைக் காலை அவரை எடை பார்க்க வை. இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போ. வர மாட்டேன் என்றால் அவர் பேச்சைக் கேட்கிற பங்காளி ஒருவரைக் கூட்டி வந்து உட்கார வை. டாக்டர் சொன்னதை எனக்கு எழுது. நீ வடக்கே போய்ச் சேர வேண்டிய தேதியையும் அதிலேயே எழுது, இந்தக் கடிதத்தில் அதை விட்டுவிட்டாய்.