மந்திரித்த நூலை அகற்றுங்கள், சுரூபம் இருக்கட்டும்

சகோதரி, பாலையூற்று வீட்டில் மாதா சுரூபம் வைத்திருப்பது சிலை வழிபாடு என்று வேறு சபைக்குப் போகும் தோழி சொன்னதாகவும், மாமி பிள்ளையின் கையில் மந்திரித்த நூல் கட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் அகற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல.

சுரூபத்துக்குச் செலுத்தும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சேர்கிறது என்று 787ஆம் ஆண்டில் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் தெளிவாக்கியது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. ஆனாலும் தோழியின் எச்சரிக்கையை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். கடவுள் சொல்லியே மோசே செய்த வெண்கலப் பாம்புக்கு மக்கள் தூபம் காட்டியபோது, எசேக்கியா அரசர் அதை உடைத்துப்போட்டார் (2 அரசர்கள் 18:4). மெழுகுதிரி ஏற்றாவிட்டால் மாதா தண்டிப்பார் என்ற பயம் வீட்டில் இருந்தால், களைய வேண்டியது அந்தப் பயத்தைத்தான்.

மந்திரித்த நூலோ தாயத்தைப் போன்றது. தாயத்து அணிவதையும் சாத்திரம் கேட்பதையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி வெளிப்படையாகக் கண்டிக்கிறது (2116, 2117). பணம், அதிகாரம், இனம் ஆகியவற்றைக் கடவுளின் இடத்தில் வைப்பதும் சிலை வழிபாடே என்று 2113ஆம் பத்தி சொல்கிறது. நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மாமி அன்பினால்தான் கட்டினார். அவருக்குத் தெரியாமல் அறுக்காதீர்கள். கணவரையே பேசச் சொல்லுங்கள். ஞாயிறு பூசைக்குப் பின் பங்குத்தந்தையிடம் பிள்ளைக்கு ஆசீர்வாதம் கேளுங்கள். மாமி வர விரும்பினால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.