தம்பிக்கு கொடுக்கறதுக்காக மைனஸ்ல போகாதீங்க

கேள்வி: ஸ்டுட்கார்ட்ல ஐடி வேலை. மனைவி, 5 வயசு பொண்ணு. கிண்டர்கெல்டும் (குழந்தைக்கு அரசு குடுக்குற மாச உதவித்தொகை) சேர்த்து கைக்கு 3,850 யூரோ வருது. என்னைவிட கம்மியா வாங்குற ஜெர்மன் கொலீக் வருஷாவருஷம் ரெண்டு வாரம் இத்தாலி போயிட்டு நிம்மதியா வர்றார், எனக்கு 30 நாள் லீவு இருந்தும் தூக்கம் வரல. தம்பி தொழிலுக்காக எடுத்த 20,000 யூரோ லோன் ஓடுது (5 வருஷம், 8%). மாசாமாசம் ஊருக்கு 600 அனுப்புறேன், அதுல தம்பிக்கு 350. டிஸ்போ (பேங்க் அக்கவுண்ட்லயே எடுக்கிற ஓவர்டிராஃப்ட்) 3,000 மைனஸ். இப்போ திருச்சி பக்கம் மனை வாங்க இன்னொரு 10,000 கேக்குறான். டாப்-அப் எடுக்கலாமா? வாட்ஸ்அப் குரூப்ல சொல்ற கிரிப்டோல மாசம் 200 போட்டா ஈடுகட்ட முடியுமா?

பதில்: எடுக்காதீங்க. கிரிப்டோவும் இப்போ வேணாம், 12% வட்டி கட்டுற டிஸ்போவ திறந்து வச்சுக்கிட்டு வாட்ஸ்அப் குரூப் சொல்ற காயின்ல பணம் போடுறத என்னால ஏத்துக்கவே முடியல.

தோராயமா கணக்கு பாருங்க. லோன் இஎம்ஐ 405, தம்பிக்கு 350, டிஸ்போ வட்டி 30, ஆக மாசம் 785. வருஷத்துக்கு 9,400 யூரோ, நம்ம காசுல ஒன்பது லட்சத்துக்கு மேல. உங்க கொலீக்கோட இத்தாலி இதுக்குள்ளயே ரெண்டு மூணு தடவை அடங்கிடும்.

அங்க நிறைய பேர் ஒண்ணு பண்றாங்க, சம்பளம் வந்த அன்னிக்கே டவர்ஆஃப்ட்ராக் (பேங்க்ல தானா பணம் மாத்துற ஸ்டாண்டிங் ஆர்டர்) போட்டு லீவுக்கான பணம் தனி அக்கவுண்டுக்கு போயிடும், மிச்சத்துல தான் மாசம் ஓடும். அதுக்காக ஜெர்மன்காரங்க யாரும் கடன்ல மாட்டுறதில்லன்னு சொல்ல வரல, காரிட்டாஸ், டியாகோனின்னு சர்ச் சார்ந்த தொண்டு அமைப்புகள் கடன் ஆலோசனை மையமே நடத்துறாங்க, பெரும்பாலும் இலவசம், தேவைப்பட்டா கூச்சப்படாம போங்க.

ஜெர்மன்ல ஷுல்ட்னா குற்றம், ஷுல்டன்னா கடன். தமிழ்ல கடன்னா கடமைன்னும் அர்த்தம் இருக்கு, நீங்க அந்த ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க, தம்பிக்கு செய்யறது கடமைன்னு பேங்க்ல கடன் வாங்குறீங்க. கடமைய சம்பளத்துல இருந்து செய்ங்க, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அப்பா அம்மாவுக்கு அனுப்புற 250-ஐ தொடாதீங்க, அவங்களுக்கு வருமானம் இல்லன்னா பேங்க் மூலமா அனுப்புறதுக்கு ஓரளவு வரிக்கழிவு கூட கேக்கலாம். கூடப்பொறந்தவங்களுக்கு அனுப்புனா அது கிடையாது.

தம்பிக்கு 350-ஐ 100 ஆக்குங்க. மிச்சமாகுற 250 ஒரு வருஷம் டிஸ்போவுக்கு போனா 3,000 முடிஞ்சிடும், அப்புறம் அதே 250 லோனுக்கு. முன்கூட்டி அடைச்சா அபராதம் அடைக்கிற தொகையில 1%க்கு மேல போடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

தம்பிகிட்ட "இப்போ முடியாதுப்பா, என் அக்கவுண்டே மைனஸ்ல இருக்கு"ன்னு தொகையோட சொல்லுங்க, அவனுக்கு இது தெரியாதுன்னு தான் நினைக்கிறேன். போன்ல சொல்ல கஷ்டமா இருந்தா மனைவிய பக்கத்துல வச்சுக்கிட்டு பேசுங்க.

இந்த வருஷ லீவுல ஊருக்கு டிக்கெட் போடாம போடன்ஸே ஏரிக்கு போயிட்டு வாங்க. டாய்ச்லாண்ட்டிக்கெட் (லோக்கல், ரீஜனல் ட்ரெயின்ல போற மாச பாஸ்) ஆளுக்கு 63 யூரோ, பொண்ணுக்கு டிக்கெட்டே தேவையில்ல, ரீஜனல் ட்ரெயின்ல ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் வரைக்கும் போகலாம், காலைல கிளம்பினா மத்தியானத்துக்குள்ள ஏரிக்கரையில இருப்பீங்க.