கோயில் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் கதையாக எழுதுவது எப்படி?

சிங்கப்பூரில் கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு, புனிதர் வரலாறு அல்லாமல் அன்றாடக் கோயில் வாழ்க்கையைக் கதையாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். பிள்ளையின் கைக்கு எட்டுகிற ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள்.

பூசையில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவன் அடிக்கும் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழன் பூசையில், இறைவனைப் புகழும் வானவர் கீதம் பாடும்போது மணி ஒலிக்கும். அதன்பின் ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் வரும்வரை மணி கிடையாது. பல கோயில்களில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். மணி அடித்துப் பழகிய சிறுவன் கையில் கட்டையைக் கொடுங்கள். "ஃபாதர், மணி எங்க போச்சு?" என்று அவனே கேட்பான். கதை அங்கேயே பிறந்துவிடும். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கும் ஓலையும் அப்படித்தான்: வீட்டுச் சிலுவையில் ஏறக்குறைய ஒரு வருஷம் செருகியிருந்த ஓலை, தவக்காலம் தொடங்கும் அடுத்த திருநீற்றுப் புதனன்று நெற்றிச் சாம்பலாகிறது.

கதைக்களமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஓஃபிர் ரோட்டில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து அன்னை ஆலயம் போதாதா? பூசை முடிந்து அம்மாமார் வாசலில் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் ஓடியாடும் அந்த நேரத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அறிவுரையை மட்டும் டீச்சருக்கு விட்டுவிடுங்கள்.