"வெறும் ஃப்ளேவர்தான்மா" என்கிறான் மகன்

கேள்வி: என் மகன் கோவையில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம், விடுதியில் தங்கிப் படிக்கிறான். லீவுக்கு வந்தபோது அவன் பையில் பென் டிரைவ் மாதிரி ஒன்று கிடைத்தது, மாம்பழ வாசனையோடு. கேட்டால், "வேப்மா. புகையே கிடையாது, வெறும் ஃப்ளேவர், நீராவி. லண்டனில் கவர்மென்ட்டே கொடுக்குது" என்கிறான். அவன் அப்பா அறைந்துவிட்டு, போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவரே தினமும் சாப்பிட்டதும் மாடிக்குப் போய் சிகரெட் பிடிப்பவர்! இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இது நிஜமாகவே ஆபத்தா? கல்லூரியில் சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: முதலில் போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், சகோதரி. அவன் விடுதிக்குத் திரும்பிய பிறகு உங்களுக்கும் அவனுக்கும் இருக்கப்போகிற ஒரே பாலம் அதுதான்.

வேப் என்கிற இ-சிகரெட்டுக்குள் தண்ணீர் எதுவும் கொதிப்பதில்லை. ப்ரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற பிசுபிசுத்த திரவங்களில் நிக்கோட்டினையும் வாசனையையும் கலந்து, பேட்டரியில் சூடாகும் கம்பிச்சுருள் வழியாக ஆவியாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களும் கொஞ்சம் சேர்ந்து வரும். சிகரெட்டோடு ஒப்பிட்டால் நச்சு குறைவுதான். அதை அவனிடம் ஒப்புக்கொண்டே பேசுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பாப்கார்ன் நுரையீரல்' படத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். அது அமெரிக்காவில் பாப்கார்ன் ஆலைகளில் வெண்ணெய் வாசனை ரசாயனத்தைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு வந்த நோய். உங்கள் மகன் இரண்டு நிமிடத்தில் கூகுளில் தேடிவிட்டு வந்து நிற்பான். அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

உண்மையே போதுமான அளவு மோசம். நிக்கோட்டினை அப்படியே இழுத்தால் தொண்டை எரியும். அதிகம் போகாமல் தடுக்க உடம்பு வைத்திருக்கும் வேலி அது. இப்போது வேப்பில் மாட்டும் 'பாட்' என்ற சின்னத் திரவக் குப்பிகளில் அமிலம் சேர்த்து 'நிக்கோட்டின் உப்பு' ஆக்கியிருப்பதால் அந்த எரிச்சல் போய்விட்டது. 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லிக்குச் சுமார் 50 மில்லிகிராம். சிகரெட்டாவது ஒரு கட்டத்தில் தீர்ந்து அணையும், விரலில் நாறும். இது போர்வைக்குள்ளேயே நடக்கும், கணக்கே இருக்காது. மூளை 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருப்பதால், இந்த வயதில் பிடிக்கும் பழக்கம் ஆழமாக இறங்கும். 'டென்ஷன் குறையுது' என்பான். பொய் சொல்லவில்லை. ஆனால், இழுக்காத நேரத்தில் நிக்கோட்டினே கிளப்பிவிட்ட டென்ஷன்தான் இழுத்ததும் குறைகிறது.

லண்டன் விஷயமும் உண்மைதான். 2023-இல் இங்கிலாந்தில் சிகரெட் பிடிக்கும் பெரியவர்களுக்கு, அதை விடுவதற்காக வேப் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். அங்கேயே 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூனில் தடையும் செய்துவிட்டார்கள். சிகரெட்டே பிடிக்காத உங்கள் மகன் எதை விடுவதற்காக இதை இழுக்கிறான்? நம் நாட்டிலோ 2019 முதல் இதை விற்பதே குற்றம். அதனால் இங்கே கிடைப்பது எல்லாமே திருட்டுச் சரக்கு. 'நிக்கோட்டின் இல்லை' என்ற லேபிளை யார் சோதித்தார்கள்? அதே 2019-இல் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்கு நுரையீரல் பாதித்து 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம். அவற்றில் பெரும்பாலானவை கடைக்கு வெளியே கைமாறியவை.

சரி, எப்படி நிறுத்துவது? அறிவுரை வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் கை அதைத் தேடுது?" அரை மணிக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். பதில் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை, அவனுக்குத் தெரிந்தால் போதும். விடும் நாளை அவனே குறிக்கட்டும், செமஸ்டர் தேர்வு வாரமாக மட்டும் வேண்டாம். இரண்டாம், மூன்றாம் நாள்தான் மிகக் கடினம்: எரிச்சல், தூக்கமின்மை, புத்தகத்தில் கண் நிற்காது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஆசை கிளம்பும் ஒவ்வொரு முறையும் சில நிமிடம் தாண்டினால் போதும், அதுவரை அறையை விட்டு வெளியே நடக்கட்டும். அறைத் தோழன் கையில் அது இருக்கும்வரை கஷ்டம்தான். முடிந்தால் இருவரும் சேர்ந்தே விடட்டும். முடியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவை அவனுக்குத் தேவையா, எவ்வளவு என்று அவர் சொல்வார். தினமும் ஒரு வரி மெசேஜ் அனுப்புங்கள், விசாரணையாக இல்லாமல். அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், ஊக்கம் தரும் குறுஞ்செய்திகள் வந்தவர்களில் ஏழு மாதம் கழித்து 24 சதவீதம் பேர் வேப்பை விட்டிருந்தார்கள். அவை வராதவர்களில் சுமார் 19 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். வெறும் மெசேஜுக்கு இதுவே அதிகம் என்பேன். நடுவில் ஒருநாள் வழுக்கினால் "பாத்தியா, சொன்னேன்ல" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

கல்லூரியில் சொல்ல வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்த வழி பெரும்பாலும் சஸ்பெண்டுதான். ஆனால் நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்துப் பணம் பெறுகிறானா என்று கேளுங்கள். அது விற்பனை, முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம். அதை இன்றே நிறுத்த வேண்டும்.

இனி உங்கள் கணவர். அவர் வாங்கும் ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, புகையிலையை விட உதவுவதற்காக. மகன் லீவு முடிந்து கிளம்பும் முன் அவர் அதை அழைக்கட்டும், மாடியில் நின்று அல்ல, கூடத்தில் உட்கார்ந்து. பக்கத்து அறையில் இருப்பவன் காதில் விழுந்தால் விழட்டும்.