சிலப்பதிகாரக் கண்ணகியும் சிங்களவர் வணங்கும் பத்தினியும் ஒரே பாத்திரமா? சாத்திய உலகக் கோட்பாடு என்ன சொல்லும்?

ஒரே பாத்திரம்தான். ஆனால் அதைக் காட்டச் சாத்திய உலகங்கள், அதாவது நடப்பு வேறு விதமாக இருந்திருக்கக்கூடிய நிலைமைகள், மட்டும் போதாது.

சிக்கல் பிறப்பில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி புகார் வணிகன் மாநாய்கனின் மகள். கொழும்பிலிருந்து கடுவெல தாண்டிப் போனால் நவகமுவ பத்தினி தேவாலயம் வரும்; சிங்களக் கதைப்படி அந்தப் பத்தினி மாங்கனியில் பிறந்தவள். மட்டக்களப்பில் கண்ணகை அம்மனுக்குப் பாடும் வழக்குரை என்ற கதைப்பாடலிலும் மாங்கனி உண்டு. அதனால் தமிழ்க் கதை வேறு, சிங்களக் கதை வேறு என்று தப்பிக்கவும் முடியாது.

மெய்யியலாளர் சோல் கிரிப்கே 1970இல் பிரின்ஸ்டன் உரைகளில், ஒருவருடைய பிறப்பு மூலத்தை மாற்றினால் ஆளே மாறிவிடும் என்று வாதிட்டார். நான் வேறு ஊரில் வளர்ந்திருக்கலாம், வேறு தொழில் செய்திருக்கலாம். வேறு பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை நானாக இருக்க முடியாது. இதை அப்படியே கதைக்குள் வைத்தால், மாநாய்கன் மகளும் மாங்கனியில் பிறந்தவளும் எந்த உலகத்திலும் ஒருத்தி ஆக மாட்டார்கள்.

இன்னொரு மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் கொஞ்சம் இளகுவார். அவர் கணக்கில் ஒருவரே பல உலகங்களில் இருப்பதில்லை. மற்ற உலகங்களில் அவரை ஒத்தவர்கள் இருக்கிறார்கள். சரி, சிலம்பு, கொலையுண்ட கணவன், எரிந்த மதுரை என்று ஒப்புமைக்குக் குறைவில்லை. எதற்கு எவ்வளவு எடை? வெள்ளவத்தையில் என் அம்மா மாணிக்கப் பரலைச் சொல்வார், அவருடைய சிங்களத் தோழி மாங்கனியை விடமாட்டார். கேட்பவரைப் பொறுத்து ஆள் மாறக்கூடாது.

கிரிப்கே 1973இல் ஒக்ஸ்போர்டில் சொன்னதுதான் எனக்கு நிறைவு தருகிறது: கதாபாத்திரம் நம் உலகில் மனிதர்கள் கதை சொல்வதால் உண்டாகும் ஒன்று. அப்படியென்றால் அந்தப் பிறப்பு மூல விதியைக் கதை பிறந்த இடத்தில்தான் பொருத்த வேண்டும். சிலப்பதிகாரம் கண்ணகி கோயிலில் இலங்கை மன்னன் கயவாகுவை நிறுத்துகிறது. சிங்கள மரபோ அதே மன்னன் கஜபாகு பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்தான் என்கிறது. அது வரலாறா இல்லையா என்பது தனிக் கேள்வி. இரு மரபும் ஒரே கதையின் கிளைகள் என்பதற்கு இது நல்ல சான்று. நம் கதையைக் கேட்டே இராத ஒருவர் அச்சு அசலாக இதையே எழுதினாலும் அவள் கண்ணகி அல்ல.

ஆனால் தொடர்ச்சி இருந்தால் மட்டும் போதாது. கண்ணகியைப் படித்துவிட்டு ஒருவர் புது நாயகியைப் படைக்கலாம், அவள் வேறு ஆள். அதே பெண்ணைத்தான் சொல்கிறேன் என்ற எண்ணமும் வேண்டும். பத்தினி கதையில் அது இருக்கிறது: கோவலன் அங்கே பாலங்க ஆகிவிடுகிறான், வழக்கு அதே பாண்டியனிடம்தான்.