அழகுக்காக மாற்றிய கார்: நோட்டீஸ் ஏன் அப்பாவின் பெயருக்கு வந்தது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2017-இல் என் பெயரில் டீசல் ஸ்விஃப்ட் கார் வாங்கினேன். கோவையில் பொறியியல் இறுதி ஆண்டு படிக்கும் என் மகன்தான் அதை ஓட்டுகிறான். கடந்த ஓராண்டில் அவன் சாம்பல் நிறக் காரின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினான். ஸ்பாய்லர் வைத்தான், கண்ணாடிகளுக்கு சன் ஃபிலிம் ஒட்டினான், அகலமான டயருடன் 17 அங்குல அலாய் வீல் மாட்டினான். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தி, சைலன்சரையும் மாற்றினான். எஞ்சினுக்கு 'ரீமேப்' செய்ததை, அதாவது எஞ்சினை இயக்கும் மென்பொருளை மாற்றியதை, இப்போதுதான் சொல்கிறான். "எல்லாவற்றுக்கும் ஆர்.டி.ஓ. ஒப்புதல் உண்டு" என்று ஒர்க் ஷாப்பில் சொன்னார்களாம். மூன்று மாதங்களுக்கு முன் பல்லடம் அருகே ஒரு ஸ்கூட்டர் மீது கார் மோதியதில், தச்சு வேலை செய்பவர் ஒருவருக்குக் கால் முறிந்தது. அவர் இழப்பீட்டு வழக்குப் போட்டிருக்கிறார். காரைப் பழுதுபார்க்கும் செலவைத் தர இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்துவிட்டது. சென்ற வாரம் வாகனத் தணிக்கையிலும் கார் சிக்கியது. பதிவை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று என் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. "வேகத்துக்காகச் செய்யவில்லை, அழகுக்காகத்தான்" என்கிறான் மகன். இந்த வேறுபாட்டைச் சட்டம் ஏற்குமா?

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் ஒன்று. நோட்டீஸில் பதில் தர எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நாள் தாண்டிவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே உத்தரவு போட அலுவலகத்துக்கு வழி கிடைத்துவிடும். காரின் சாவியை இன்றே மகனிடமிருந்து வாங்கி வையுங்கள். இந்த நிலையில் கார் இன்னொரு முறை சாலைக்குப் போனால், எந்த வழக்கறிஞராலும் உங்களுக்காக நன்றாகப் பேச முடியாது.

அழகா, வேகமா என்ற கேள்வியைச் சட்டம் எழுப்புவதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு கேட்பது வேறு. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய விவரங்களோடு இந்த வண்டி இன்றும் ஒத்துப்போகிறதா என்பதுதான் அது. 'மாற்றம்' என்றால் என்ன என்பதற்கும் அந்தப் பிரிவிலேயே விளக்கம் உண்டு: வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் அளவுக்கு அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றும், விதிகள் சட்டத்துக்கு உட்பட்டவையே என்றும் சொன்னது. எரிவாயு, மின்சாரம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாறுவது, மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பது போன்றவற்றுக்குச் சட்டத்திலேயே நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. உங்கள் மகன் செய்த எதுவும் அந்த வழிகளுக்குள் வராது.

ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. உங்கள் பதிலின் பலமே அவற்றைப் பிரித்துச் சொல்வதில்தான் இருக்கிறது.

நிறம் ஆர்.சி.யில் ஏறியிருக்கும் விவரம். அது கட்டமைப்பு அல்ல. முறையாக விண்ணப்பித்தால் புதிய நிறத்தைப் பதிந்துகொள்ளலாம். ஸ்டிக்கர்தான் ஒட்டினோம், பெயிண்ட் அடிக்கவில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. புத்தகத்தில் சாம்பல், சாலையில் கறுப்பு என்றால் தணிக்கை அதிகாரிக்கு அந்த வாதம் எடுபடாது. ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள், அல்லது நிற மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஸ்பாய்லரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கூர்முனை இல்லாமல் உறுதியாகப் பொருத்தியிருந்தால் அதற்காக வழக்குப் போடுவது அரிது. ஆனால் மற்றவற்றைக் கழற்றும்போது அதையும் கழற்றிவிடச் சொல்வேன்.

சன் ஃபிலிம் விஷயத்தில் முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 100. கறுப்பு ஃபிலிம்களை 2012 ஏப்ரல் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பின்னர் விதி திருத்தப்பட்டு, தரச்சான்று பெற்ற, ஃபிலிம் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடிக்கு இடம் வந்தது. அந்த அளவுகளுக்கு உட்பட்டிருந்தால் உரிமையாளரும் அதைப் பயன்படுத்தலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. தணிக்கையில் சிக்கிய ஃபிலிம் அந்த வகையைச் சேர்ந்தது என்று காட்ட உங்களிடம் ரசீதோ சான்றோ இல்லையென்றால், அதையும் எடுத்துவிடுங்கள்.

சைலன்சருக்கு வருகிறேன். ஒலியை இயன்ற அளவு அடக்கும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்பது விதி 120. இங்கே 190(2) பிரிவும் சேர்ந்துகொள்ளும். ஒலி, காற்று மாசுத் தரங்களை மீறினால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் போகும். மகன் வேலைக்குச் சேரப் போகிற ஆண்டில் இது சிறிய விஷயமல்ல.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது ஸ்பிரிங். அதை வெட்டியது பார்வைக்காகத்தான், சந்தேகமில்லை. கார் தரையோடு ஒட்டினாற்போல் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. ஆனால் வெட்டிய ஸ்பிரிங் நீளம் குறைந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது தன் இருக்கையிலிருந்து நழுவ வாய்ப்புண்டு. மேட்டில் ஏறும்போது சஸ்பென்ஷன் அடிமட்டத்தில் இடிக்கும். அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது டயர் சாலையைப் பற்றுவதும் கெடும். காரின் சாய்வு மாறினால் முகப்பு விளக்கின் குறியும் மாறும். சக்கர வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அகல டயரும் இதே கதைதான்: பார்க்க அழகு, ஆனால் மொத்த விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். உங்கள் காரின் உயர் வகைக்கு நிறுவனமே கொடுத்த அளவு 15 அங்குலம். அந்த அளவுக்கு மாற்றியிருந்தால் நான் உங்களுக்காக வாதாடியிருப்பேன்.

அழகுக்கென்று செய்த இந்த இரண்டும்தான் காரின் நடத்தையை மிகவும் கெடுத்தவை. நீதிமன்றத்தில் 'அழகுக்காகத்தான்' என்ற சொல் உங்களைக் காக்காது. தேவை எதுவும் இல்லாமல் ஆபத்தை வரவழைத்துக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு திருப்பிப் பேசவும் அது உதவும்.

ரீமேப் கண்ணுக்குத் தெரியாது. டீசல் எஞ்சினில் எரிபொருளையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டும் வேலை அது, புகையும் கூடும். புகைச் சோதனையில் தேறிவிட்டது என்பதால் அது சட்டப்படியானது ஆகிவிடாது. கார் மாடலுக்குச் சோதனை மையங்களில் கொடுத்த மாசு ஒப்புதல், நிறுவனத்தின் மூல மென்பொருளோடு சேர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மூல மென்பொருளைத் திரும்ப ஏற்றச் சொல்லி, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மாற்றியது மகன், நோட்டீஸ் மட்டும் உங்களுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றும். சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்பவர் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர். 2019 திருத்தத்தில் சேர்ந்த 182அ(4) உரிமையாளரைத்தான் குறிவைக்கிறது: அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங், சக்கரம், சைலன்சர், ரீமேப் என்று நான்கைத் தனித்தனியாக எண்ணினால் 20,000 ரூபாய். நடைமுறையில் இது இணக்கக் கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம்தான். சிறையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

நோட்டீஸ் 53-ஆவது பிரிவின் கீழ் வந்திருக்கும். அந்தப் பிரிவில் உங்களுக்கு உதவும் ஒரு வரி இருக்கிறது. குறைகள் பதிவு அதிகாரிக்குத் திருப்தி தரும்படி சரிசெய்யப்படும் வரைதான் பதிவை நிறுத்திவைக்க முடியும். அதனால், சரிசெய்துவிட்டு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுவரத் தயார் என்று பதிலில் எழுதுங்கள். அந்த நோட்டீஸின் வேகம் அங்கேயே பாதி குறைந்துவிடும். எதிர்பாராமல் நிறுத்திவைத்துவிட்டால், உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் 57-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஆறு மாதம் தொடர்ந்து நிறுத்தத்திலேயே கிடந்தால் பதிவையே ரத்து செய்யும் அதிகாரம் 54-ஆவது பிரிவில் வருகிறது. எனவே காரை ஷெட்டில் போட்டு மூடிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு முக்கியமான வேலை உண்டு. விபத்து வழக்கு நிலுவையில் இருக்கிறது. இப்போதைய நிலையில் காரை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். மாற்றிய பாகங்களைத் தூக்கி எறியாமல் வையுங்கள். அவசரமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, விபத்தின்போதும் கார் இப்படித்தான் இருந்தது என்று எந்த மன்றத்திலும் சொல்லிவிடாதீர்கள். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். பொய் சாட்சியம் அபராதத்தோடு முடிகிற விவகாரம் அல்ல.

அந்தத் தச்சருக்கு இழப்பீடு கிடைப்பது பெரும்பாலும் தடைபடாது என்பது என் கருத்து. மூன்றாம் நபருக்கு எதிராக இன்சூரன்ஸ் நிறுவனம் எடுக்கக்கூடிய தற்காப்புகளை 150-ஆவது பிரிவு எண்ணிக் கொடுத்திருக்கிறது. 'வண்டியை மாற்றினார்' என்பது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்துப் பாலிசி வாங்கினார் என்பது இருக்கிறது. அதை நிரூபித்தால், நிறுவனம் முதலில் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடும். ஆகவே இரண்டு தேதிகளைக் கண்டுபிடியுங்கள்: பாலிசியைக் கடைசியாகப் புதுப்பித்த தேதி, ஸ்பிரிங்கையும் சக்கரத்தையும் மாற்றிய தேதி. புதுப்பித்த பிறகு மாற்றியிருந்தால், பாலிசி வாங்கும்போது மறைத்தீர்கள் என்ற வாதம் நிற்காது. நடுவில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்ற நிபந்தனை மீறல் மட்டுமே மிஞ்சும். புதுப்பிக்கும் முன்பே மாற்றியிருந்தால் நிலைமை கடினம். இதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் காரின் சேதத்துக்கான கோரிக்கை வேறு. முதலில் சர்வே அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். அதைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. மாற்றம்தான் விபத்துக்குக் காரணம் என்று அதில் இருக்கிறதா, அல்லது மாற்றம் இருந்தது என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டர் குறுக்கே திரும்பியதால் மோதியிருந்தால், ஸ்டிக்கரையும் ஸ்பாய்லரையும் காட்டி முழுக் கோரிக்கையையும் மறுப்பது சரியல்ல. நிபந்தனை மீறல் இருந்தாலும் ஒரு பகுதியைத் தரலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வழிகாட்டியிருக்கிறது. அது வாடகைக்கு விட்ட தனியார் காரைப் பற்றிய வழக்கு என்றாலும் இங்கே எடுத்துக்காட்டலாம். ஆனால் பிரேக் பிடித்தும் கார் நிற்காமல் சறுக்கியது என்று மகன் போலீசிடம் சொல்லியிருந்தால், வெட்டிய ஸ்பிரிங் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒப்புதல் உண்டு என்று சொல்லிப் பணம் வாங்கிய ஒர்க் ஷாப்பை விட்டுவிடாதீர்கள். அது பொய்யான உறுதிமொழி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம், திருப்பூரிலேயே. பில், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதியது எல்லாவற்றையும் மகன் அழிப்பதற்குள் எடுத்து வையுங்கள். ஒப்புதல் உண்டு என்று வாயால் மட்டும் சொன்னார்கள் என்றால் நிரூபிப்பது சிரமம்.

மகனை எடுத்த எடுப்பிலேயே திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கார்மேல் ஆசை வைப்பது குற்றமில்லை. எஞ்சினைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்றால் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்திலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே ஓடும் போட்டிக் கார்களில் உயிர் காக்கும் கூண்டும் தீயணைப்புக் கருவியும் உண்டு. எதிரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர் யாரும் வருவதில்லை. பதிவு எண் உள்ள குடும்பக் காரில் அதைச் செய்ய முடியாது என்பதை மட்டும் அவனுக்குப் புரிய வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: படம் எடுத்தபின், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்பிரிங், சக்கரம், சைலன்சர், மென்பொருள் நான்கையும் மூல நிலைக்குக் கொண்டுவந்து தனித்தனி பில் வாங்குங்கள். அதற்கு நாள் போதாது என்றால், வேலை தொடங்கிவிட்டது என்று காட்டும் மதிப்பீட்டுத் தாளோடு அவகாசம் கேளுங்கள். காரை அங்கே ஓட்டிப் போக வேண்டாம், மீட்பு வாகனத்தில் ஏற்றி அனுப்புங்கள். நோட்டீஸுக்கான பதிலை நீங்களே நேரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.