டொக்டரைக் கேளுங்கள்: அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 29 வயது. அம்மாவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, தெல்லிப்பளையில் மருந்து செய்து இப்போது சுகமாக இருக்கிறா. சின்னம்மா ஒருவர் போன வருசம் 45 வயதில் சூலகப் புற்றுநோயால் தவறிவிட்டா. அம்மாவின் அக்காமார் இரண்டு பேருக்கு ஒன்றும் இருந்ததில்லை, அவர்கள் 2009 இல் மாத்தளனில் செல்லடியில் செத்தவர்கள், அப்போது 36, 38 வயது. ஜேர்மனியில் இருக்கிற கடைசிச் சின்னம்மாவுக்கு ஏதோ ரத்தச் சோதனை செய்ததாகக் கேள்வி, ஆனால் அவ ஒன்றும் சொல்லமாட்டா. ஐந்து பேரில் இரண்டு பேருக்குத்தானே, பரம்பரை இல்லை என்கிறார் அண்ணா. சரியா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அண்ணாவின் கணக்கு உதைக்கிறது தங்கச்சி. உங்கள் பெரியம்மாமாருக்கு 38 வயதுவரை நோய் வரவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும், 43 இல் வந்திருக்குமா என்று பார்க்க யுத்தம் அவர்களை விட்டுவைக்கவில்லை. வன்னியில் ‘எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை’ என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. அந்த ‘ஒருத்தருக்கும்’ என்பதற்குள் காணாமல் போனவர்களும் இருப்பார்கள், கிளினிக் கொப்பியை இடப்பெயர்வில் தொலைத்தவர்களும் இருப்பார்கள், மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று வாயே திறக்காதவர்களும் இருப்பார்கள்.

பொதுவாக நூறு புற்றுநோய்களில் ஐந்து முதல் பத்துத்தான் பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மரபணுக் கோளாறால் வருபவை. ஆனால் இளவயதில் மார்பகம், அதே இரத்த உறவில் சூலகம் என்று சேர்ந்து வந்தால் பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்ற இரண்டு மரபணுக்களை யோசிக்காமல் விடமுடியாது. கலத்துக்குள் டிஎன்ஏ உடைந்தால் அதைச் சரிசெய்வது இவற்றின் வேலை. எல்லோருக்கும் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பிறக்கும்போதே பழுது என்றால் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். பிறகு எப்போதாவது ஒரு கலத்தில் அதுவும் கெட்டால் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அதனால்தான் பழுதான பிரதி உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பழுதான பிரதி உள்ள பெண்களுக்கு ஏறத்தாழ 70 வீதம், சூலகத்துக்கு பிஆர்சிஏ-1 என்றால் 44 வீதமளவில், பிஆர்சிஏ-2 என்றால் 17 வீதமளவில். (இவை பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்களில் பார்த்த கணக்கு, எங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுக்காதீர்கள்.)

அம்மாவிடம் அந்தப் பழுது இருந்தால் உங்களுக்கு வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, அண்ணாவுக்கும் அதேதான். ஆனால் நீங்கள் ஓடிப்போய் முதலில் உங்கள் ரத்தத்தைக் கொடுக்காதீர்கள். நோய் வந்த அம்மாவைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், அவவிடம் எது பழுது என்று தெரியாமல் உங்களுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று வருகிற முடிவை நம்பி நிம்மதியாக இருக்கமுடியாது. அதைவிடச் சுருக்கமான வழி ஜேர்மனிச் சின்னம்மா. ‘உங்களுக்கு என்ன வருத்தம்’ என்று துருவாமல், அந்த அறிக்கையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பழுது கண்டுபிடித்திருந்தால் அந்த இடம் எழுத்தும் எண்ணுமாக அதில் இருக்கும். அந்த ஒரு இடத்தை மட்டும் உங்களில் தேடுவது லேசு, செலவும் குறைவு, இல்லை என்று வந்தால் உங்கள் ஆபத்து மற்றப் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். அப்புறம், சுகவனிதையர் கிளினிக்குக்கு 35 வயதில் கூப்பிடுவார்கள்தானே என்று காத்திருக்காதீர்கள். அம்மாவைப் பார்த்த புற்றுநோய் டொக்டரிடம் இப்போதே, யாருக்கு எந்த வயதில் என்ன நோய் என்று எழுதிய குடும்ப வரைபடத்தோடு போங்கள், அப்பா பக்கத்து மாமிமாரையும் அதில் எழுதுங்கள்.

கேள்வி: அப்பாவும் பெரியப்பாவும் வாய்ப் புற்றுநோயில் போனவர்கள். பரம்பரை என்றால் நான் வெற்றிலையை விட்டு என்ன பயன்?
– வாசகர், மல்லாவி

பதில்: உங்கள் வீட்டில் பரம்பரையாக வந்தது பெரும்பாலும் வெற்றிலைத் தட்டம்தான் ஐயா. மரபணுவுக்கும் சிறு பங்கு உண்டு, ஆனால் பாக்கும் புகையிலையும் செய்வதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். புகையிலை போடுவதில்லை என்று தப்பவும் முடியாது, பாக்கே தனியாகப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே வெளியிட்டுவிட்டது. இன்று கண்ணாடிக்கு முன் நின்று வாயைத் திறந்து மூன்று விரலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றாலோ, கன்னத்தின் உட்பக்கம் துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, பல் டொக்டரிடம் போங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் ஆண்பிள்ளைகளுக்கு வராதுதானே?
– வாசகி, வவுனியா

பதில்: வரும், ஆனால் அரிதாக. பிஆர்சிஏ-2 பழுதான ஆண்களில் நூற்றுக்கு ஏழு பேரளவில். முலைக்காம்புக்குப் பின்னால் கட்டி தட்டுப்பட்டால் வெட்கப்படாமல் காட்டச் சொல்லுங்கள். இவர்களுக்கு புரொஸ்டேட் புற்றுநோயும் கூடுதலாக வரும். தனக்கு ஒன்றும் வராமலே ஒரு தகப்பன் அந்தப் பழுதை மகளுக்குக் கொடுத்துவிடலாம்.